ராத்திரி இரண்டு மணிக்கு யார் சொல்லித் தருவார்கள்?

பூச்சிமருந்து விஷத்தோடு வந்த ஒரு தோட்டக்காரர், எங்கள் ஐசியூவில் மூன்றாம் நாள் தேறிக்கொண்டிருந்தார். அதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் எச்சில் ஊறுவது நின்றிருந்தது, நெஞ்சில் சளிச்சத்தம் இல்லை, அக்குள் காய்ந்திருந்தது, கடுகளவு சுருங்கியிருந்த கண்மணி விரிந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் பகல் ஷிப்ட் ஒப்படைத்துவிட்டுப் போனது.

ராத்திரி இரண்டு மணிக்குத் தலையணை உறை மாற்றப் போனேன். "தலையைக் கொஞ்சம் தூக்குங்கய்யா" என்றேன். "தூக்கறேனுங் சிஸ்டர், வரமாட்டீங்குது" என்றார். கை கால் அசைகிறது, பேச்சு இருக்கிறது, கழுத்து மட்டும் தலையணையை விட்டு எழவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு சீனியர் அக்கா சொல்லியிருந்தார்: "பூச்சிமருந்து கேஸா, ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாள் வரைக்கும் கழுத்தைப் பாத்துட்டே இரு." அதை நினைத்துக்கொண்டு டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். அரை மணி நேரத்துக்குள் மூச்சு மேலோட ஆரம்பித்துவிட்டது. குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

எனக்கு அன்று காலையில் நடந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருடைய மகன் எழுந்து வந்து கேட்டான். "மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு நேத்து சொன்னீங்களே, அப்புறம் ஏனுங் மூச்சு விட முடியாமப் போச்சு?" எட்டு வருடம் ஐசியூவில் நின்றவள் நான். கழுத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவளுக்கு, ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. "டாக்டர் வந்து சொல்லுவாருங்க" என்று நகர்ந்துவிட்டேன்.

அந்தக் கேள்வியோடுதான் மேல்படிப்பைத் தேட ஆரம்பித்தேன். இப்போது நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் முதல் வருடம் முடியப் போகிறது. பழைய ஐசியூவில் இருந்து தங்கைகள் போன் செய்து, "எந்தக் காலேஜுங்க்கா நல்லா இருக்கும்?" என்று கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு போனை வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் தேடிய விதத்தை எழுதுகிறேன். அதிலிருந்து அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் மேலே படிக்க நம் ஊரில் வழக்கமான வழி எம்.எஸ்சி. நர்சிங். மருத்துவ அறுவைச் சிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு, சமூக நலம், மனநலம் என்று ஐந்து பிரிவுகள். அதை முடித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிகளில் பாடம் நடத்தப் போகிறார்கள். அதில் குறை ஒன்றுமில்லை, எனக்குச் சொல்லித் தந்தவர்கள் அத்தனை பேரும் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் எனக்குப் படுக்கையை விட்டு நகர விருப்பமில்லை. நோயாளி பக்கத்திலேயே நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அதற்கென்று இருப்பதுதான் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. முதுநிலைப் பட்டம், இரண்டு வருடம், முழுநேரம். பி.எஸ்சி.க்குப் பிறகு ஒரு வருடமாவது நோயாளிகளைப் பார்த்த அனுபவம் வேண்டும். அது ஐசியூவாக இருந்தால் நல்லது. சேர்ந்தவர் மாணவி மட்டுமல்ல, அந்த மருத்துவமனையிலேயே வேலை செய்துகொண்டு கற்கிற ரெசிடென்ட். நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வகுப்பு, மீதி நான்கு பங்கும் வார்டு. முதல் வருடத்தில் உடலை முழுமையாகப் பரிசோதிப்பது, நோய் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற மூன்றும் ஆழமாக வருகின்றன. அவற்றோடு ஆராய்ச்சியை வார்டுக்குக் கொண்டுவருவது, நிர்வாகம், கற்பித்தல். தீவிர சிகிச்சைப் பாடங்கள் முழுமூச்சாக வருவது இரண்டாம் வருடத்தில்.

வேலை என்னவென்றால், ரத்தத்தில் இருக்கும் வாயுக்களின் அளவைக் காட்டும் ஏபிஜி ரிப்போர்ட்டைப் படித்து அர்த்தம் சொல்வது, வென்டிலேட்டரில் இருந்து மெல்ல மெல்ல விடுவிப்பது, மருத்துவமனை எழுதி வைத்திருக்கும் நெறிமுறைக்குள் நின்று சிகிச்சையைத் தொடங்குவது. டாக்டருக்குப் பதில் ஆள் கிடையாது. டாக்டரோடு ஒரே குழுவில் நின்று, நாள் முழுக்க அந்தப் படுக்கையை விடாமல் பார்க்கிற ஆள்.

போன தை நோம்பிக்கு வீட்டுக்கு வந்த ஒறம்பரை ஒருத்தர் விடாமல் இதையேதான் கேட்டார்கள். "பிராக்டிஷனர்னா அம்மிணி, கிளினிக் வெச்சு ஊசி போடுவியா?" கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பெயரே நம்மிடம் புதிது. அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் லோரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். டாக்டர் போய்ச் சேராத இடங்களில் இருக்கும் குழந்தைகளை, நன்றாகப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் பார்க்க முடியாதா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அந்த அம்மாள் 2025-இல், 104 வயதில் காலமானார். பர்கூர் மலையிலோ தாளவாடியிலோ இருக்கும் ஒரு தாய்க்கு இந்தக் கேள்வியை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை.

அமெரிக்கா என்றதும் என் பெரியம்மா மகளைச் சொல்ல வேண்டும். தாராபுரத்துப் பெண். சென்னைக்குப் போய், அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் வாங்குவதற்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதி, டெக்ஸாஸ் போய் சில வருடம் வார்டில் வேலை செய்து, பிறகு அங்கேயே குடும்ப நல நர்ஸ் பிராக்டிஷனர் படித்தவள். எனக்கு மூன்று வயது மூத்தவள். நான் படிக்கப் போகிறேன் என்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து இரண்டு மணி நேரம் பேசினாள். நான் அரிசிம்பருப்புச் சோற்றைத் தாளித்துக்கொண்டே கேட்டேன்; கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவள் முதலில் சொன்னது: "எந்தக் காலேஜுன்னு அப்புறம் பாத்துக்கலாம். யாரைப் பாக்கறதுக்குப் படிக்கப் போறேன்னு மொதல்ல முடிவு பண்ணு." அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் என்பது ஒரே படிப்பு இல்லை. குடும்ப நலம், பெரியவர்களும் முதியவர்களும், குழந்தைகள், பச்சிளம் குழந்தைகள், பெண்கள் நலம், மனநலம் என்று ஆறு பிரிவாக 2008-இல் பொதுவாக வகுத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் முதல்நிலை மருத்துவம் தனி, தீவிர சிகிச்சை தனி. எதில் படித்தோமோ அதில்தான் சான்றுத் தேர்வு, அதில்தான் உரிமம்.

அவள் ஐசியூ நர்ஸாகத்தான் இருந்தாள். வீட்டுப் பக்கத்தில் இடம் கிடைத்தது, கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் சேர்ந்தார்கள் என்று குடும்ப நலத்தில் சேர்ந்துவிட்டாள். முடித்த பிறகு ஐசியூவுக்கே திரும்ப ஆசைப்பட்டபோது, "உங்கள் படிப்பு கிளினிக்குக்கானது" என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் படித்து இன்னொரு சான்று வாங்கினால்தான் போக முடியும். "நான் வேலை செய்யற கிளினிக் நல்லதுதான் கண்ணு. ஆனா மானிட்டர் சத்தம் கேட்டா இன்னும் திரும்பிப் பாக்கறேன்" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஏக்கம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

இரண்டாவது, அங்கீகாரம். சிசிஎன்இ, ஏசிஇஎன் போன்ற அமைப்புகள் அங்கீகரித்த படிப்பா என்று பார்க்காமல் சேர்ந்தால், பிறகு சான்றுத் தேர்வு எழுதுவதற்கே வழியில்லாமல் போகும். மூன்றாவது, வார்டில் நிற்கும் நேரம். முன்பு நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் பயிற்சி 500 மணி நேரம் என்றிருந்த குறைந்தபட்ச அளவை, 2022-இல் வந்த தேசிய வரையறை 750 ஆக்கியிருக்கிறது. நான் கேட்டதும் கொஞ்சம் திகைத்தேன். அங்கே படிப்பவர்கள் பெரும்பாலும் வேலையில் இருந்துகொண்டே படிக்கிறார்கள், வகுப்பு பாதிக்கு மேல் ஆன்லைனில் நடக்கிறது. அதனால் இந்த மணிக்கணக்கு அவர்களுக்கு உயிர்நாடி.

அங்கேதான் அவள் பட்ட கஷ்டமும் இருந்தது. கூடவே நிறுத்தி வைத்துக் கற்றுத் தருகிறவரை அங்கே பிரிசெப்டர் என்கிறார்கள். இங்கேயும் அதே சொல்தான். அவள் படித்த இடத்தில் பிரிசெப்டரை மாணவியே தேடிக்கொள்ள வேண்டும். சேரும்போது அது ஒரு வரியாகக் காகிதத்தில் இருந்திருக்கிறது, இவள் கவனிக்கவில்லை. வேலை முடிந்து வந்து ஒவ்வொரு கிளினிக்காகப் போன் செய்து, "என்னை உங்களோடு நிற்க விடுவீர்களா" என்று கேட்டிருக்கிறாள். ஒரு பருவம் முழுக்க ஆள் கிடைக்காமல் வீணாகப் போயிருக்கிறது. கட்டணம் மட்டும் நிற்கவில்லை.

அடுத்து மாநிலம். டெக்ஸாஸில் மருந்து எழுத வேண்டுமானால் ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். பக்கத்திலேயே நியூ மெக்சிகோ, அரிசோனா போன்ற மாநிலங்களில் அது வேண்டியதில்லை. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இப்போது அந்தப் பக்கம் வந்துவிட்டன. படிப்பு ஒன்றுதான், எல்லையைத் தாண்டினால் அதிகாரம் மாறுகிறது.

முனைவர் பட்டம் பற்றியும் கேட்டேன். இந்த மாதிரி உயர்நிலைச் செவிலியர்கள் எல்லோருக்கும் டிஎன்பி என்ற முனைவர் பட்டம் வேண்டும் என்று அங்குள்ள நர்சிங் கல்லூரிகளின் சங்கம் 2004-இலேயே சொல்லிவிட்டது. 2015-க்குள் நடக்க வேண்டும் என்றார்கள். இன்றுவரை முதுநிலைப் பட்டத்தோடும் உரிமம் கிடைக்கிறது. மயக்க மருந்து நர்ஸ்களுக்கு மட்டும் 2022 முதல் சேருபவர்கள் முனைவர் படிப்பில்தான் சேர முடியும். பாடம் நடத்தவோ நிர்வாகத்துக்குப் போகவோ எண்ணமில்லாவிட்டால், முதுநிலை முடித்துவிட்டு பிறகு யோசிக்கலாம் என்பது அவள் கருத்து. எனக்கும் அது சரியாகப் பட்டது.

நானும் அங்கேயே போய்ப் படித்தால் என்ன என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். மாணவர் விசாவில் போகிறவர்கள் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடத்தைத்தான் முழுநேரக் கணக்கில் காட்ட முடியும். அந்தப் படிப்புகளோ பெரும்பாலும் ஆன்லைன். முதலில் என்கிளெக்ஸ், பிறகு மாநில உரிமம், பிறகு வேலை வழியாக வரும் விசாவுக்குப் பல வருடக் காத்திருப்பு என்று போனால், என் மகள் அதற்குள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடுவாள். அவளுக்கு இப்போது ஐந்து வயது. போகிறவர்களை நான் தடுக்கவில்லை. போவதானால் தெரிந்துகொண்டு போங்கள்.

சரி, இனி நம் ஊர்.

எங்கள் அப்பா கோபிக்குப் பக்கத்தில் மஞ்சள் போடுகிறவர். நான் வெசனத்தோடு பேப்பரும் பேனாவுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஈரோட்டு மண்டில யாவாரி மூட்டையப் பாத்து வெல சொல்ல மாட்டான் கண்ணு. ஒரு வெரலி மஞ்சள எடுத்து ஒடச்சு, உள்ள நெறத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுவான். நீயும் ஒடச்சுப் பாரு." காலேஜை எப்படி உடைத்துப் பார்ப்பது என்று அன்று ராத்திரி யோசித்தேன். எனக்கு எல்லாம் நடந்தது ராத்திரி இரண்டு மணிக்குத்தான். அதையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ராத்திரி இரண்டு மணிக்கு ஐசியூவில் ஒரு மாணவிக்குச் சந்தேகம் வந்தால் யார் சொல்லித் தருவார்கள்?

போவதற்கு முன்பு வீட்டில் உட்கார்ந்தே பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிட்டேன். இந்தப் படிப்புக்கென்று தனியாக நர்சிங் கவுன்சில் ஒப்புதல் இருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு, பல்கலைக்கழக இணைப்பு நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா. கல்லூரிக்கு ஒப்புதல் இருந்தாலே எல்லாப் படிப்புக்கும் இருப்பதாக அர்த்தமில்லை. விளம்பரத் தாளில் இருப்பதை நம்பாமல் கவுன்சிலின் பட்டியலிலேயே பாருங்கள்.

மூன்று இடங்களுக்கு நேரில் போனேன். பெயர் எதையும் சொல்லப் போவதில்லை.

முதலில் போன இடம் பெரியது. கண்ணாடிக் கட்டடம், பொம்மை நோயாளிகள் வரிசையாகப் படுத்திருக்கும் பயிற்சிக்கூடம். அந்தப் பொம்மை மூச்சு விடும், இருமும், நாடி துடிக்கும். பார்க்கவே ஆசையாக இருந்தது. பொறுப்பில் இருந்த மேடத்திடம் என் கேள்வியைக் கேட்டேன். "நைட்ல டூட்டி ஸ்டாஃப் இருப்பாங்க, நீங்களும் அனுபவம் உள்ளவங்கதானே, சமாளிச்சுக்குவீங்க" என்றார். அப்படியானால் அது படிப்பில்லை, நான் எட்டு வருடமாகப் பார்த்த அதே நைட் டூட்டி. வெளியே கேன்டீனில் இரண்டாம் வருட மாணவி ஒருத்தி டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். பாவம், மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டாள். பயிற்சிப் பதிவேட்டை மாதக் கடைசியில் ஒரே நாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்களாம். "இருபது தடவ செஞ்சேன்னு எழுதியிருக்கேனுங்க்கா, செஞ்சது மூணு. ஆளில்லாத வார்டுக்கெல்லாம் எங்களைத்தான் அனுப்பறாங்க." அவள் கண்ணில் தூக்கம் அப்பியிருந்தது. அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு ஆசையோடு வந்தவளுக்கு இப்படி ஒரு அநியாயம் நடக்கக் கூடாது.

ஆகவே நேரில் போகிறவர்கள் முதல்வர் அறையோடு திரும்பிவிடாதீர்கள். இரண்டாம் வருடத்தில் படிப்பவர்களைத் தனியாகப் பாருங்கள். "உங்க பிரிசெப்டர் பேரு என்ன, கடைசியா எப்ப உங்க கூட நின்னாங்க?" என்று கேளுங்கள். பெயர் உடனே வாயில் வர வேண்டும்.

இரண்டாவது இடத்தில் படிப்பைப் பற்றிப் பேச்சு ஆரம்பிப்பதற்குள் சான்றிதழ்களைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்கள். அசல் சான்றிதழ் அத்தனையும் சேரும் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும், முடித்த பிறகும் அங்கேயே வேலை செய்வதாக எழுதித் தர வேண்டும், இடையில் போனால் பெரிய தொகை கட்ட வேண்டும். என் நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றை இன்னொருவர் பூட்டி வைத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கூட வந்த என் வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவர். அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "வா போலாம்" என்று எழுந்துவிட்டார். அங்கே நான் என் கேள்வியைக் கேட்கவே இல்லை.

பணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கவுன்சில் வகுத்தபடி, வேலையில் இருந்துகொண்டு நிறுவனம் அனுப்பி வருகிறவர்களுக்கு அவர்களுடைய சம்பளம் தொடரும். மற்றவர்களுக்குப் படிப்பு நடக்கும் மருத்துவமனை தன் சம்பள முறைப்படி கொடுக்க வேண்டும். ஆகவே, "மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், வங்கிக் கணக்கிலா" என்று கேட்பது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை. ரெசிடென்ட்டாக உழைப்பவருக்கு அது உரிமை. நம் பெண்கள் இதைக் கேட்கத்தான் மிகவும் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள்.

மூன்றாவது இடத்துக்கு அரை மனதோடுதான் போனேன். பழைய கட்டடம், சிவப்பு ஆக்சைடு தரை, பொம்மை ஒன்றே ஒன்று. ஆனால் மருத்துவம், அறுவை, இதயம், அவசரப் பிரிவு என்று நான்கு இடத்திலும் மாணவிகள் நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். நர்சிங் பேராசிரியையிடம் கேள்வியைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டினார். ஒவ்வொரு இரவுக்கும் எதிரே ஒரு பிரிசெப்டர் பெயர், ஒரு டாக்டர் பெயர், போன் எண். "நம்பிக்கை இல்லேன்னா இன்னைக்கு நைட் வந்து பாரும்மா" என்றார். நான் நிஜமாகவே போனேன். அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு, ஓரமாக நின்று பார்ப்பது மட்டும்தான் என்ற ஒப்பந்தம்.

அன்று ராத்திரி மூன்றாம் படுக்கையில் ஒரு பூச்சிமருந்து கேஸ். இந்தப் பக்கம் ஐசியூக்களில் அது அபூர்வம் இல்லை. ஆனாலும் பார்த்ததும் எனக்குக் கை குளிர்ந்தது. பிரிசெப்டர் என்னை விட வயதில் சிறியவர். இதே படிப்பை முடித்தவர். கூட நின்ற முதல் வருட மாணவியைக் கேட்டார். "அட்ரோபின் குடுத்தோம், வாய் காஞ்சுது, நெஞ்சு தெளிஞ்சுது. கழுத்துக்கு மட்டும் ஏன் பலம் வரலை?" அவளுக்குத் தெரியவில்லை. திட்டவில்லை அவர். பழைய ஏபிஜி தாளின் பின்பக்கத்தில் ஒரு நரம்பு முனை, ஒரு தசை என்று வரைந்தார்.

நரம்பு தசையிடம் பேசுவது அசிட்டைல்கோலின் என்ற பொருளை வைத்து. பேசி முடித்ததும் அதை உடைத்துப் போட ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து அந்த நொதியைக் கட்டிப் போட்டுவிடுகிறது. உடையாத பொருள் குவிந்துகொண்டே போகிறது. அந்தப் பொருள் போய் உட்காரும் இடங்கள் இரண்டு விதம். எச்சில், சளி, இதயம், கண்மணி எல்லாம் ஒரு விதம். அட்ரோபின் அங்கே மட்டும்தான் போய் மறிக்கும். எலும்புத் தசைகளில் இருப்பது வேறு விதம். அதன் பக்கம் அட்ரோபின் போகவே போகாது. ஓயாமல் தூண்டப்பட்ட தசை இரண்டு மூன்று நாளில் சோர்ந்து நின்றுவிடுகிறது. முதலில் கழுத்து, பிறகு மூச்சு விடும் தசை. அதனால்தான் வாய் காய்ந்திருப்பதை நம்பி நிம்மதியாகப் போய்விடக் கூடாது. கழுத்தைப் பார்க்க வேண்டும்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. அந்தப் பையன் பெஞ்சில் இருந்து எழுந்து வந்து கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்றே முக்கால். அங்கேயே சேருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

முடித்த பிறகு என்ன என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. இதில் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலேயே நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணிநிலையை உருவாக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1947-ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய நர்சிங் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. மகப்பேற்றுப் பக்கத்தில் மருத்துவச்சி நர்ஸ் பிராக்டிஷனருக்கு 18 மாதப் பயிற்சி தனியாக இருக்கிறது. காகிதத்தில் வழி திறந்துகொண்டு வருகிறது. ஆனால் எனக்குத் தெரிந்து இந்தப் படிப்பை முடித்த ஒருவர் பழைய இடத்துக்கே திரும்பி, பழைய ஸ்டாஃப் நர்ஸ் அடையாள அட்டையோடு, பழைய சம்பளத்துக்கு நிற்கிறார். கற்ற வேலையைச் செய்ய அங்கே எழுதி வைத்த நெறிமுறையும் இல்லை, அதற்கென்று ஒரு பதவியும் இல்லை. இது எனக்குப் பெரிய வருத்தம். இவ்வளவு கற்றவரை வீணாக்குவது அந்த ஐசியூவில் படுத்திருப்பவர்களுக்குத்தான் நஷ்டம்.

அதனால் கல்லூரியைத் தேடும்போதே இன்னொன்றையும் கேளுங்கள். போன இரண்டு மூன்று செட்டில் முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன பதவியில் இருக்கிறார்கள்? சொந்த மருத்துவமனையிலேயே நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரில் வேலை கொடுத்திருக்கிறார்களா? தான் வளர்த்த ஆளைத் தானே வைத்துக்கொள்ளாத இடம், மற்றவர்கள் வைத்துக்கொள்வார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? நான் சேர்ந்த இடத்தில் நான்கு பேர் அந்தப் பெயரிலேயே வேலையில் இருக்கிறார்கள். என் பிரிசெப்டர் அதில் ஒருவர்.

வீட்டுப் பாடு எளிதாக இல்லை. மகள் கோபியில் அம்மாவிடம் இருக்கிறாள், சனிக்கிழமை பொழுதோட பஸ் ஏறி, ஞாயிறு ராத்திரி திரும்புகிறேன். "ஆத்தா இட்லிக்குச் சட்டினி உன்ன மாதிரி வெக்கறதில்ல" என்று போனில் சொல்கிறாள். குழந்தை வைத்திருப்பவர்கள், விடுதியா வீடா, மாதத்தில் எத்தனை இரவு, விடுப்பு எத்தனை நாள் என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் விடுப்பைக் கேட்க மறந்துவிட்டேன். அவளுடைய பள்ளி ஆண்டு விழாவுக்குப் போக முடியவில்லை.

போன வாரம் சத்தியமங்கலம் பக்கத்தில் இருந்து ஒரு பாம்புக்கடி. தரையில் படுத்துத் தூங்கிய அம்மா, கடித்ததே தெரியவில்லை, காலையில் வயிற்று வலியோடு எழுந்திருக்கிறார், இமை இரண்டும் தொங்கிவிட்டது. கட்டுவிரியனாகத்தான் இருக்கும். விஷமுறிவு மருந்து ஏற்றி வென்டிலேட்டரில் வைத்திருந்தோம். ராத்திரி இரண்டு மணிக்குக் கொஞ்ச நேரம் முன்னால் பிரிசெப்டர் வந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாகம் கடிச்சவங்களுக்கு நியோஸ்டிக்மின் குடுத்தா இமை தூக்குதே, இவங்களுக்கு ஏங்க்கா அவ்வளவா கேக்க மாட்டீங்குது?"

நாகத்தின் விஷம் தசைப் பக்கம் வாசலை அடைக்கிறது, நியோஸ்டிக்மின் அந்த நொதியைத் தடுத்து அசிட்டைல்கோலினைக் குவிய வைத்தால், அது விஷத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும் என்று பாதியைச் சொன்னேன். கட்டுவிரியன் பக்கம் வந்ததும் நின்றுவிட்டேன். "மீதிய ஆறு மணிக்குள்ள படிச்சுச் சொல்லுங்க" என்று அடுத்த படுக்கைக்குப் போனார். அந்த அம்மாவுக்குச் சளி உறிஞ்சிவிட்டு, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, நர்ஸிங் ஸ்டேஷன் விளக்கடியில் புத்தகத்தைப் பிரித்தேன். விஷம் நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது. பொருள் வெளியே வந்தால்தானே அதைக் குவிய வைக்க முடியும். ஐந்தேகாலுக்கு அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன்.